இரக்கம் கேட்டு எழுதிய பெட்டிசம்

ஆங்கிலத்தில் இரக்கப்படுவதற்கு என்னென்ன சொற்கள் இருக்கின்றன என்று அந்தக் காலத்தில் யாராவது கேட்டிருந்தால் நான் மூச்சு விடாமல் சொல்லியிருப்பேன். பிட்டி, சிம்பதி, கொம்பாஷன், மேர்சி. கரும்பலகையில் வரிசையாக எழுதி, பக்கத்தில் தமிழில் பொருள் போட்டு, பிள்ளைகளை மூன்று தரம் சொல்லவைப்பேன். ஒருவருக்குத் துன்பம் வந்தால் ஆங்கிலத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று பாடப்புத்தகத்தில் ஒரு பாடமே இருந்தது. ‘ஐ ஆம் ஸொறி டு ஹியர் தட்.’ அதைக் கேட்டு வருந்துகிறேன் என்று பொருள். பத்தாம் வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பி நின்று, “நாம ஒண்டும் செய்யல்லையே டீச்சர், மறுகா ஏன் நாம ஸொறி சொல்லணும்?” என்று கேட்டாள். “அது அவங்கட வழக்கம், நீ இருந்து எழுது” என்று அவள் வாயை அடைத்தேன். கேள்வி கேட்கிற பிள்ளைகளை எனக்கு அப்போது ஆகாது. பதில் தெரியாத கேள்வி கேட்கிறவர்களை இன்றைக்கும் ஆகாது.

நான் செட்டிபாளையத்தில் இருந்தேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே மட்டக்களப்புக்குப் போகிற தெரு. தெரு நெடுக ஆமியின் காவல் அரண்கள். வாவிக்கு அக்கரையில் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தை நாங்கள் படுவான்கரை என்போம். சூரியன் படுகிற கரை. அது ஆமியோடு சண்டை பிடித்த இயக்கத்தின் கையில் இருந்தது. சூரியன் எழுகிற எங்கள் கரை ஆமியின் கையில். நடுவில் கிடந்த தண்ணீரில் மீன் பிடித்தவர்கள் இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்லிக்கொண்டு சீவித்தார்கள்.

என் அடுத்த வளவில் இருந்தவனும் அப்படி ஒருவன்தான். வாவியில் வீச்சுவலை எறிகிறவன். இருபத்தைந்து வயது இருக்கும். எங்கள் பகுதி வழக்கப்படி கலியாணம் முடித்துப் பெண்வீட்டுக்கு வந்தவன், பிறந்தது படுவான்கரையில். அவனுடைய அடையாள அட்டையிலும் அக்கரை விலாசம்தான் இருந்தது. அதை மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று அவன் மனைவி நாளுக்கு நாலு தரம் சொல்லுவாள். அவள் வாய்க்காரி. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “என்ன டீச்சரக்கா, இண்டைக்கும் பருப்புத்தானா?” என்று என் சட்டியை விசாரிக்காவிட்டால் அவளுக்குப் பொழுது விடியாது. அவளோடு சண்டை போடாமல் எனக்கும் விடியாது. கலியாணமாகி அவர்களுக்கு ஒரு வருடம்கூட ஆகவில்லை.

ஒரு நாள் காலையில் ஊரைச் சுற்றி வளைத்தார்கள். ஆண்களையெல்லாம் பாடசாலை மைதானத்தில் வரிசையாக நிற்கவைத்தார்கள். பெண்கள் நாங்கள் மதில் ஓரமாக நின்றோம். ஜீப்புக்குள் தலையில் சாக்கைக் கவிழ்த்த ஒருவன் இருந்தான். கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அவன் முன்னால் நடக்க வேண்டும். அவன் சும்மா இருந்தால் வீட்டுக்குப் போகலாம். தலையை ஆட்டினால் பிடித்து ஏற்றுவார்கள். தலையாட்டி என்றுதான் அவனுக்குப் பெயர். அன்றைக்கு அவன் மூன்று பேருக்குத் தலையாட்டினான். மூன்றாவது ஆள் என் அடுத்த வளவுக்காரன். அவன் மனைவி என் தோளைப் பிடித்திருந்தாள். அவளுடைய நகம் என் சட்டைக்கு மேலால் இறங்கியதை நான் வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்.

அந்த நாட்களில் பிடித்துக்கொண்டு போனவர்களில் சிலர் வந்தார்கள், சிலர் வரவில்லை. வராதவர்களைப் பற்றி எங்கே கேட்டாலும் அப்படி ஒரு ஆளை நாங்கள் பிடிக்கவே இல்லை என்று சொல்லிவிடுவார்கள். அதனால் முதல் இரண்டு மூன்று நாளுக்குள் எப்படியாவது உள்ளே ஆள் இருக்கிறான் என்று ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். நானும் அவளும் ஆமி முகாம் வாசலுக்குப் போனோம். வாசலில் நின்றவர்களுக்குத் தமிழ் தெரியாது. உள்ளேயிருந்து கண்ணாடி போட்ட ஒரு சிப்பாய் வந்தான். அலுவலகத்தில் டைப் அடிக்கிறவன் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கொச்சைத் தமிழில் மெதுவாகச் சொன்னான். “ஆள் இருக்கு அம்மா. இங்கிலீசில எழுதிக் கொண்டு வாங்க. பெரியவர் இங்கிலீசுதான் வாசிப்பார்.”

ஆள் இருக்கு. அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு வழிநெடுக அழுதபடி வந்தாள். நானும்தான்.

வீட்டுக்கு வந்ததும் மேசையைத் துடைத்து, நல்ல தாள் ஒன்றை எடுத்து, பேனாவில் மை அடைத்தேன். மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் பெயர் இருந்தது. நிவாரணம், இடமாற்றம், காணி என்று ஊரில் பாதிப் பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஒரு உயிருக்கு எழுதியதில்லை. தயங்குவதை அவள் பார்க்கக் கூடாதென்று அகராதியை எடுத்துப் புரட்டினேன்.

எந்தச் சொல்லைப் போடுவது என்பதே முதல் சிக்கல். பிட்டி என்றால் மேலே நிற்கிறவன் கீழே கிடக்கிறவனைப் பார்த்து உச்சுக்கொட்டுவது. சிம்பதி செத்த வீட்டுக்கு வந்து பக்கத்தில் இருக்கிறவனுடையது. கொம்பாஷன் கூட இருந்து தானும் நோவது. அதை ஆமிக்காரனிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மேர்சி என்பது தண்டிக்கக் கூடியவனின் கையில் மட்டும் இருக்கிற சாமான். அதையே போட்டேன். தங்கள் மேலான மேர்சியை வேண்டி நிற்கிறேன் என்று எழுதி அவளுக்கு வாசித்துக் காட்டினேன்.

அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, “மன்னிப்புக் கேக்கல்லையே” என்றாள்.

“எதுக்கு மன்னிப்பு? அவன் ஒண்டும் செய்யல்லையே.”

“செய்யல்லத்தான். ஆனா டீச்சரக்கா, குளிர்த்திக்கு அம்மன்ட வாசல்ல போய் நிண்டு என்ன சொல்ற நாம? தெரிஞ்சும் தெரியாமலும் செய்த பிழையெல்லாம் பொறுத்துக்கொள்ளு தாயே எண்டுதானே. மறுகாத்தானே நேத்திக்கடனச் சொல்ற. கோவத்தில இருக்கிறவங்கள முதல்ல குளிர வைக்கணும். எடுத்த எடுப்பில தா எண்டு கேட்டா, ஆருக்குத்தான் மனம் வரும்?”

எங்கள் பக்கத்தை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். வைகாசியில் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி செய்வோம். ஊரை எரித்த கோபத்தோடு வந்தவள் அவள். அந்தக் கோபம் எங்கள் மேல் விழாமல் இருக்க, செய்தோமோ செய்யவில்லையோ, பிழை பொறுக்கச் சொல்லி முதலில் விழுந்து கும்பிடுவோம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் அப்படித்தான் தொடங்குவோம். நிலச்சொந்தக்காரப் போடியாரிடம் வயல் வட்டையில் நாலு ஏக்கர் குத்தகைக்குக் கேட்கப் போனாலும், அதிபரிடம் லீவு கேட்கப் போனாலும், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்க என்றுதான் வாய் திறக்கும். அதைச் சொல்லாமல் கேட்கிறவன் திமிர்பிடித்தவன். நானும் அந்த வாசலில் வளர்ந்தவள்தான். அவள் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது.

எழுதினேன். என் கணவர் அறிந்தோ அறியாமலோ செய்திருக்கக்கூடிய எந்தப் பிழையையும் தாங்கள் பெருமனதுடன் மன்னித்து, அவரை என்னிடம் ஒப்படைக்கும்படி மன்றாடுகிறேன். ஆங்கிலத்தில் அந்த வசனம் நன்றாகவே வந்து விழுந்தது. எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. அவள் கையெழுத்தைப் போட்டாள். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போதும் என்னை நானே நாலு அறை அறையலாம் போல இருக்கிறது.

மறுநாள் கடிதத்தைக் கண்ணாடிச் சிப்பாயின் கையில் கொடுத்தோம். அவன் உள்ளே கொண்டுபோனான். வாசலுக்கு எதிரே ஒரு வாகை மரம். அதன் கீழே இருந்தோம். அன்றைக்குப் பதில் இல்லை. அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த நாள் அவள் சோற்றைப் பொதி கட்டிக்கொண்டு வந்தாள். வாங்க மாட்டோம் என்று திருப்பிவிட்டார்கள். ஏன் வாங்கவில்லை, ஆள் இல்லையா என்று அவள் கேட்க, எனக்குக் கோபம் வந்தது. “வாயைப் பொத்து” என்று கத்திவிட்டேன். எனக்கும் அதே நினைப்பு வந்திருந்ததுதான் காரணம். பொதியை இருவருமாகப் பிரித்து, காகங்களுக்குப் போட்டுவிட்டு நடந்தோம்.

நாலாம் நாள் கூப்பிட்டார்கள். பெரியவரின் அறை. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, மூலையில் டைப் மெஷினுக்கு முன்னால் கண்ணாடிச் சிப்பாய். அதிகாரியின் முன்னால் என் கடிதம் கிடந்தது. ஒரே ஒரு வசனத்துக்குக் கீழே சிவப்பு மையால் இரண்டு கோடு. எந்த வசனம் என்று தூரத்திலிருந்தே தெரிந்தது.

“இதை எழுதியது நீங்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதைப் போலப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிப் படித்தது. ஓம் என்றேன்.

“நல்ல ஆங்கிலம். இந்தப் பிழை என்ன பிழை?”

“பிழை ஒன்றும் இல்லை, சேர்.”

“இல்லாத பிழைக்கு மன்னிப்புக் கேட்பார்களா? இதில் அவருடைய மனைவி கையெழுத்து வைத்திருக்கிறா.”

சொல்லிப் பார்த்தேன். அது எங்கள் வழக்கம் என்றேன். கடவுளிடமும் அப்படித்தான் தொடங்குவோம் என்றேன். குளிர்த்தியை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? கூலிங் செரிமனி என்று சொல்லிவைத்தேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஊரை எரித்த ஒரு பெண்ணின் கோபத்தைத் தணிக்கிற பூசை என்று விளக்கினேன். ஊரை எரித்த என்ற சொல் வாயை விட்டு வெளியே வந்த பிறகுதான் எந்த இடத்தில் இருந்து எதைச் சொல்கிறேன் என்று உறைத்தது. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

“நீங்கள் பேச வேண்டாம். மனைவியைக் கேளுங்கள். அவர் என்ன பிழை செய்தார்?”

அவள் பக்கம் திரும்பினேன். “புள்ள, அவர் என்ன பிழை செய்தவர் எண்டு கேக்கிறார். ஒண்டும் செய்யல்ல எண்டு மட்டும் சொல்லு. வேற ஒரு சொல்லும் சொல்லிப்போடாத.”

அவள் தலையை ஆட்டினாள். அதிகாரியைப் பார்த்தாள். கை தானாகக் கூப்பியது. “சேர், அவர் என்ன செய்திருந்தாலும் மன்னிச்சிருங்க சேர். அறியாமத்தான் செய்திருப்பார். இனிமே செய்ய மாட்டார் சேர்.”

மூலையில் டைப் மெஷினின் சத்தம் நின்றது. அந்தச் சிப்பாய்க்குத் தமிழ் தெரியும். அவள் சொன்னதை அவன் கேட்டுவிட்டான். நான் இப்போது என்ன மொழிபெயர்க்கப் போகிறேன் என்பதையும் கேட்கப் போகிறான். பொய் சொல்லிப் பிடிபட்டால் உள்ளே போவது நானும்தான்.

“அவர் ஒரு பிழையும் செய்யவில்லை என்று சொல்கிறா, சேர்” என்றேன். “மீன் பிடிக்கிறவர். தன்னைக் கலியாணம் முடித்ததால்தான் அக்கரையிலிருந்து இங்கே வந்தார், அதைத் தவிர வேறு ஒன்றும் இல்லை என்கிறா.”

அதிகாரி மூலையைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். எனக்குச் சிங்களம் ஓடாது. ஆனால் என்ன கேட்டிருப்பார் என்று தெரியாமல் இருக்க நான் முட்டாள் இல்லை. சிப்பாய் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான்.

“ஓவ், சேர்” என்றான். ஆம் என்று அர்த்தம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரும்பவும் டைப் அடிக்கத் தொடங்கினான்.

அதிகாரி கடிதத்தை மடித்தார். இன்னொரு தாளைத் தள்ளி, மன்றாட்டம் ஒன்றும் இல்லாமல் திரும்ப எழுதச் சொன்னார். பெயர், வயது, தொழில், எப்போது கலியாணம், எங்கே பிடிபட்டார். எழுதினேன். ஆறு வரியில் முடிந்தது. அதில் இரக்கத்துக்கு ஒரு சொல்லும் இருக்கவில்லை.

அதிலிருந்து மூன்றாம் நாள் அவனை விட்டார்கள். தெருவில் தனியாக நடந்து வந்தான். அவள் வேலிக்கடப்பு வாசலில் நின்று கண்டுவிட்டு, ஓடிப் போகாமல் அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். அவனுடைய வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. வலை எறிகிறவனின் கை. கொஞ்ச நாளில் சரிவரும் என்று எல்லோரும் சொன்னோம். சொல்லும்போதே வரப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது.

ஒரு கிழமை கழித்து, அவள் கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் போயிருந்த நேரம் அவன் என் வீட்டுக்கு வந்தான். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“டீச்சரக்கா, ஒரு கதை கேக்கணும்.”

“கேள் தம்பி.”

“முதல்ல ஒண்டும் செய்யல்ல அவங்க. இருத்தி வெச்சு விசாரிச்சாங்க, எழுதினாங்க. சோறும் தந்தாங்க. ரெண்டு நாள்ல விட்டிருவம் எண்டுதான் கதச்சாங்க. மறுகா ஒரு கடதாசியக் கொண்டந்து முன்னால போட்டாங்க. உன்ட பொஞ்சாதியே எழுதியிருக்காள் நீ பிழை செய்த எண்டு, என்ன பிழை எண்டு சொல்லு எண்டாங்க.” வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டான். “என்ன பிழை எண்டு எனக்குத் தெரியாதே டீச்சரக்கா. தெரிஞ்சிருந்தாச் சொல்லியிருப்பன்.”

அவன் என் மேசையைப் பார்த்தான்.

“அந்த வசனம் நீங்க போட்டதா, அவள் சொல்லிப் போட்டதா?”

“நான்தான் போட்டன்” என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். என்னைத் தாண்டி, தன் வளவுப் பக்கமும் பார்த்தான். “இல்ல” என்றான். “அவள்தான் சொல்லியிருப்பாள். குளிர்த்திக்கு முதல் ஆளாப் போய் நிண்டு அழுறவள் அவள்.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “அவளுக்கு இது தெரிய வேணாம். கை எப்பிடி இப்பிடி ஆன எண்டு கேட்டாள், பிடிச்ச நாளே வண்டியில ஏத்தக்குள்ள அடிச்சாங்க எண்டு சொல்லியிரிக்கன். நீங்களும் அப்பிடியே சொல்லுங்க.”

நான் அழுதேன். வேறு என்ன செய்ய? எனக்குத் தெரிந்த எல்லாச் சொற்களும் வரிசையாக வந்து நின்றன. ஒன்றையும் எடுத்து அவனிடம் நீட்ட முடியவில்லை. “நீங்க ஏன் அழுறீங்க, நீங்க வந்து கதச்சதாலதானே விட்டவங்க” என்று அவன் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனான். வெட்கம் என்னைத் தின்றது.

அவளோ ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தாள். கிணற்றடியில், சங்கக்கடையில், கோயில் வீதியில். கடிதத்தில் ஒரு வசனம் போடச் சொன்னாளாம். டீச்சரக்கா மாட்டேன் என்று நின்றாளாம். தான் விடவில்லையாம். அந்த வசனத்தை வாசித்துத்தான் பெரியவருக்கு மனம் இளகிற்றாம். “பாருங்க, கோடு போட்டு வெச்சிருந்தவர் அந்த வசனத்துக்கு மட்டும்” என்று அவள் சொன்னதை நானே என் காதால் கேட்டேன். அவன் பக்கத்தில் இருந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

தலையாட்டி ஏற்றிவிட்ட மற்ற இருவரும் அப்போதும் வரவில்லை. அவர்கள் வீட்டார் கிராம சேவகரைப் பிடித்து அலைந்து, ஒன்றும் நடக்காமல் கடைசியில் என்னிடம் வந்தார்கள். முதலில் வந்தது ஒருவனின் தாய். கூட்டிக்கொண்டு வந்தது அடுத்த வளவுக்காரிதான். தாய்க்கு எழுத்து வாசனை இல்லை. என் மேசைக்கு முன்னால் நின்று, முந்தானையை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டே, “இவள்ட புருசனுக்கு எழுதின மாதிரியே எழுதுங்க டீச்சர்” என்றாள்.

“ஓம், எழுதுறன்.”

“அந்த மன்னிப்புக் கேக்கிற வசனத்தையும் போடுங்க.”

“அது வேணாம் அம்மா. விசயத்தை மட்டும் எழுதினாப் போதும்.”

“அப்பிடிச் சொல்லாதீங்க” என்று அடுத்த வளவுக்காரி குறுக்கிட்டாள். “எனக்கும் முதல்ல இப்பிடித்தான் சொன்னவ. போடுங்க டீச்சரக்கா. அது இல்லாட்டி என்ட மனுசன் வந்திருப்பாரா?”

ஏன் வேண்டாம் என்று அந்தத் தாய்க்கு விளக்கினால் பக்கத்தில் நிற்கிறவளுக்கும் விளங்கிவிடும். வேலிக்கு அந்தப் பக்கம் அவன் இடது கையால் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தது தெரிந்தது. நாங்கள் பேசுவது அவனுக்குக் கேட்கிற தூரம்தான். அவன் தலை நிமிரவில்லை.

“சரி, போடுறன்” என்றேன். குனிந்து எழுதினேன். மகனின் பெயர், வயது, தொழில், பிடிபட்ட இடம், நாள். ஆறு வரி. பேனாவை மூடினேன்.

“ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க” என்றாள் தாய்.

தாளைக் கையில் எடுத்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். ஆறாவது வரி முடிந்த பிறகும் கண்ணைத் தாளிலிருந்து எடுக்காமல், என் மகன் அறிந்தோ அறியாமலோ செய்த பிழை எல்லாவற்றையும் பெருமனதுடன் மன்னிக்கும்படி மன்றாடுகிறேன் என்று, அதில் இல்லாததையும் வாசித்தேன். தாய் கண்ணை மூடிக் கேட்டாள். பிறகு கட்டைவிரலை மையில் தோய்த்து, நான் காட்டிய இடத்தில் அழுத்தினாள்.